மூன்று விரல் இடைவெளியில் ஒரு ரோபோ

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைந்துவிட்டால் உங்கள் வாய் ஒழுங்காகத் திறக்கிறது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். வாய்க்குள் நடக்கும் எல்லா வைத்தியத்துக்கும் அதுதான் வாசல். கண்ணாடி, உறிஞ்சுகுழாய், துளைக்கும் கருவி, உதவியாளரின் விரல் என்று ஏற்கெனவே நெரிசலான அந்த வாசலில், இப்போது ஒரு ரோபோவின் கையும் வந்து நிற்கிறது.

வயிற்று அறுவைச் சிகிச்சையில் ரோபோ நுழைந்து கால் நூற்றாண்டு ஆகிறது. டா வின்சி என்ற கருவிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000இல் அனுமதி கொடுத்தது. வயிற்றுக்குள் ரோபோவுக்கு ஒரு வசதி உண்டு. கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்தால், கருவிகள் திரும்பிப் புரள இடம் கிடைத்துவிடும். தாடையை அப்படி ஊத முடியாது. அங்கே இருக்கிற இடம்தான் இடம். அதனால்தான் வாய், தாடை, முகம் சார்ந்த அறுவைச் சிகிச்சைக்கு ரோபோ தாமதமாக வந்தது. வந்ததும் ஒரே வடிவில் வரவில்லை.

முதல் வடிவம், மருத்துவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கைப்பிடிகளை அசைக்க, அவர் அசைவை அப்படியே சின்னதாக்கி உள்ளே செய்து காட்டும் ரோபோ. டா வின்சி இந்த வகை. தொண்டையின் பின்பகுதியில், நாக்கின் வேர்ப்பகுதியில், டான்சில் பக்கத்தில் வரும் சிறு கட்டிகளை வாய் வழியாகவே எடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 2009இல் அனுமதி கிடைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிரெகரி வைன்ஸ்டீன், பெர்ட் ஓ'மாலி என்ற இரு அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் வளர்த்தெடுத்த முறை அது. அதற்கு முன்பு அந்த இடத்தை எட்ட, பல நோயாளிகளுக்குத் தாடையெலும்பையே நடுவில் பிளந்து திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையைத் தவிர்த்ததே பெரிய லாபம்.

இரண்டாவது வடிவம் எலும்புக்கானது. இங்கே ரோபோ பார்ப்பது நோயாளியின் ஸ்கேன் வரைபடத்தை. தசை நெளியும், குடல் நழுவும். எலும்பு நேற்று எடுத்த ஸ்கேனில் எப்படி இருந்ததோ இன்றும் அப்படியேதான் இருக்கும். ஆகவே முன்கூட்டியே கணினியில் வெட்டுக்கோட்டைப் போட்டுவைத்து, அதன்படி நடக்கச் சொல்லலாம். தொழிற்சாலைக்காகச் செய்த ஒரு ரோபோக் கையை 1985இல் மூளைக்குள் ஊசி செலுத்த வழிகாட்டியாகப் பயன்படுத்தினார்கள். 1992இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில், ரோபோடாக் என்ற கருவி இடுப்பு மாற்றுச் சிகிச்சையில் தொடை எலும்பைக் குடைந்தது. தாடைக்கு வந்திருக்கும் ரோபோக்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

ஒருங்கிணைந்த ரோபோ அமைப்பு என்று மருத்துவமனை விளம்பரங்களில் வருவதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கைந்து சரக்கு இருக்கும். எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சி.டி. அல்லது கோன் பீம் சி.டி.; வெட்ட வேண்டிய, துளைக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் மென்பொருள்; நோயாளி எங்கே இருக்கிறார், கருவி எங்கே இருக்கிறது என்று நொடிக்குப் பலமுறை பார்த்துச் சொல்லும் கேமரா; கருவியைத் தாங்கும் கை; கை எவ்வளவு அழுத்துகிறது என்று உணரும் சென்சார். இவற்றில் கண்ணைக் கவர்வது கை. புகைப்படத்தில் அதுதான் நடுவே நிற்கும். ஆனால் இதன் உயிர் இருப்பது கேமராவும் வரைபடமும் சந்திக்கிற இடத்தில் என்பது என் எண்ணம்.

கிராமத்தில் நிலம் அளக்க வரும் சர்வேயரை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் புல வரைபடம் இருக்கிறது. அதில் எல்லாக் கோடும் துல்லியம். ஆனால் வயலில் முதலில் இரண்டு மூன்று எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து, தாளில் இருக்கும் புள்ளியோடு சேர்த்துப் பார்த்தால்தான் சங்கிலியை இழுக்க முடியும். முதல் கல்லைத் தவறாகப் பிடித்தால் அத்தனை கோடும் பக்கத்து வயலில் போய் விழும். ரோபோவுக்கும் இதே கதைதான். ஸ்கேனில் தெரியும் பல்லின் முனையும் நாற்காலியில் படுத்திருப்பவரின் பல்லின் முனையும் ஒன்றே என்று முதலில் கருவிக்குக் காட்ட வேண்டும். அந்தப் பொருத்தத்தில் வரும் பிசகை, பிறகு எவ்வளவு நடுங்காத கை வந்தாலும் சரிசெய்ய முடியாது.

தாடை விஷயத்தில் இன்னொரு சிக்கல். மேல்தாடை மண்டையோட்டோடு ஒட்டியது. தலையைப் பிடித்துவைத்தால் அதுவும் நிற்கும். கீழ்த்தாடை இரண்டு மூட்டில் தொங்குகிறது. மூச்சு விட்டால் அசையும், எச்சில் விழுங்கினால் அசையும், மருத்துவர் கன்னத்தை இழுத்தால் அசையும். அதனால் கீழ்த்தாடையில் வேலை செய்யும் ரோபோவுக்கு, பற்களின் மேல் இறுக்கமாகக் கவ்வும் ஒரு தகட்டைப் பொருத்துகிறார்கள். அதிலிருந்து வெளியே நீளும் அடையாளக் குறிகளைக் கேமரா விடாமல் பின்தொடர்கிறது. தாடை அசைந்தால் ரோபோவின் கையும் கூடவே அசையும். பல்லே இல்லாத முதியவருக்கு? எலும்பில் சிறு திருகாணிகளை முடுக்கி, அதில் குறிகளை மாட்டுகிறார்கள். பல் கட்ட வந்தவருக்கு அளவெடுப்பதற்காக முதலில் திருகாணி!

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு சுரங்கம் ஓடுகிறது. அதில் ஒரு நரம்பும் ரத்தக் குழாய்களும் போகின்றன. கீழ்ப்பற்களுக்கு உணர்ச்சி கொடுத்துவிட்டு, முன்புறம் ஒரு சிறு துளை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் அதே நரம்புதான் உணர்ச்சி தருகிறது. அதைத் துளையிடும் கருவி தொட்டுவிட்டால் பாதி உதடு மரத்துப்போகும். காபி வழிவது தெரியாது, சவரம் செய்யும்போது வெட்டியது தெரியாது. விழுந்த பல்லுக்குப் பதிலாக டைட்டானியம் செயற்கை வேர் பொருத்தும்போது நரம்புக்கு மேலே குறைந்தது 2 மில்லிமீட்டர் விட்டுவைக்க வேண்டும் என்று பல் மருத்துவ மாணவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்வார்கள்.

டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதைக் கண்டு, 1965இல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தியவர் ஸ்வீடனின் பிரானமார்க். அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த வேலை பெரும்பாலும் கைப்பழக்கத்தில்தான் நடந்தது. பிறகு முப்பரிமாண அச்சில் செய்த வழிகாட்டித் தகடுகள் வந்தன. தகட்டில் இருக்கும் ஓட்டை வழியாகத் துளைத்தால் போதும். அந்தத் தகடுகளோடு செய்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திட்டமிட்ட இடத்துக்கும் உண்மையில் பொருந்திய இடத்துக்கும் சராசரியாக எலும்பின் மேற்பரப்பில் 1.2 மில்லிமீட்டர், வேரின் நுனியில் 1.4 மில்லிமீட்டர், சாய்வில் மூன்றரை டிகிரி வித்தியாசம் இருந்தது. 2 மில்லிமீட்டர் பாதுகாப்பு இடைவெளியில் 1.4 போய்விட்டால் மீதி எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரோபோக்கள் இந்தப் பிசகை ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவருகின்றன.

அமெரிக்காவின் மியாமியில் இருக்கும் நியோசிஸ் நிறுவனத்தின் யோமி என்ற கருவிக்கு 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அது தானாகத் துளைக்காது. துளைக்கும் கருவியைப் பிடித்திருப்பது மருத்துவரின் கை. ஆனால் கருவி ரோபோக் கையோடு இணைந்திருப்பதால், திட்டத்திலிருந்து விலகப் பார்த்தால் கை இறுகித் தடுக்கும். ஆழம் வந்ததும் மேற்கொண்டு இறங்கவிடாது. 2017 செப்டம்பரில் சீனாவின் ஷிஆன் நகரில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு செயற்கை வேர்களை ரோபோவே பொருத்தியது. சுமார் ஒரு மணி நேரம் ஆனது. மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிசகு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் என்று அறிவித்தார்கள்.

துளைப்பதில் இடம் மட்டும் பிரச்சினை கிடையாது, சூடும் உண்டு. எலும்பை 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் வைத்தால் அந்த இடம் கெட ஆரம்பிக்கும் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் எண்பதுகளில் முயல்களில் காட்டினார்கள். அதனால்தான் துளைக்கும்போது உப்புநீர் பாய்ந்துகொண்டே இருக்கிறது. இந்தத் தொல்லைக்கு வேறு வழி தேடியவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தவர். கார்லோ என்று பெயரிட்ட அவர்களுடைய ரோபோ ரம்பத்தைத் தொடுவதில்லை. எர்பியம் லேசரைப் பிடித்துக்கொண்டு, எலும்பைத் தொடாமலே வெட்டுகிறது. அந்த ஒளியை நீர் ஆவலாக உறிஞ்சும். எலும்பில் இருக்கும் நீர் நொடியில் ஆவியாகிச் சிறு சிறு துகள்களாக எலும்பைப் பெயர்த்துவிடும். சுற்றியுள்ள பகுதி வேகாது. 2019இல் பாசெலில் முதன்முதலாக நோயாளிகளின் மேல்தாடையை இதைக் கொண்டு வெட்டினார்கள். 2021இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. ரம்பத்தால் முடியாத அலைவடிவ வெட்டையும் இதனால் போட முடியும். அப்படி வெட்டிய இரண்டு துண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

இத்தனையும் நன்று. இந்த ரோபோக்கள் யாருடைய வாயை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்று கேட்டால்தான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு நம்மூர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் மணவூர். திருத்தணிக் கோயிலும் ஆந்திர எல்லையும் எட்டும் தூரத்தில். இந்தப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, சீர்வரிசை எதுவானாலும் தாம்பூலத் தட்டு இல்லாமல் முடியாது. அதில் இருக்கும் பாக்கைப் பற்றி ஒரு தகவல் நம் வீடுகளுக்குள் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இலேயே சொன்னது. 2004இல் அது இன்னொரு படி போய், புகையிலையே சேர்க்காத வெற்றிலைப்பாக்கும், ஏன், வெறும் கொட்டைப்பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் பட்டியலில் சேர்த்தது. குட்கா தமிழகத்தில் 2001இல் தடை செய்யப்பட்டது, 2013இல் மறுபடியும் தடை செய்யப்பட்டது. இரண்டு முறை தடை போட வேண்டியிருந்ததிலிருந்தே நிலவரம் புரியும்.

பாக்கு வாயில் செய்கிற முதல் வேலை புற்று அல்ல. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறிய ஐந்து இந்தியப் பெண்களிடம், வாயின் உள்தோல் வெளிறி இறுகிப்போயிருந்ததைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே மும்பையில் எஸ்.ஜி. ஜோஷி அதே நோயை விவரித்தார். பாக்கில் உள்ள அரெகோலின் என்ற பொருள், தோலுக்கடியில் நார் உற்பத்தி செய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. பாக்கில் செம்பும் அதிகம். அந்தச் செம்பு, நார்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைக்கும் நொதிக்குத் தீனி போடுகிறது. முதலில் குழம்பின் காரம் தாங்காது, எரியும். பிறகு கன்னத்துக்குள் கயிறு போலத் தட்டுப்படும். மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு நுழையும், பிறகு ஒன்று. இட்லியைப் பிட்டுப் பிட்டுத் திணிக்க வேண்டிய நிலைக்கு இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் வருகிறார்கள். இந்த நிலை சிலருக்குப் புற்றாகவும் மாறும்.

வாய் வழியாக ரோபோவைச் செலுத்தும் சிகிச்சைக்கு முதல் தகுதியே வாய் அகலமாகத் திறப்பது. நம்மூர் நோயின் முதல் வேலையோ வாயைப் பூட்டுவது. இறுகிய நார்களை வெட்டி, கன்னத்தின் கொழுப்பையோ வேறிடத்துத் தோலையோ வைத்து மூடி, பிறகு மாதக்கணக்கில் வாயைத் திறந்து திறந்து பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சியை விட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும். இதில் ரோபோவுக்கு வேலையே இல்லை.

புற்று வரும் இடமும் வேறு. மேற்கத்திய நாடுகளில் தொண்டையின் பின்பக்கக் கட்டிகள் பெருகிவருகின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஹெச்.பி.வி. வைரஸ் காரணம். டா வின்சி அதற்குக் கச்சிதம். இந்தியாவில் பெரும்பான்மை, பாக்கை அடக்கிவைக்கும் இடமான கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலான மடிப்பில் வருகிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் இந்தியாவின் புதிய உதடு, வாய்ப் புற்று நோயாளிகள் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம். இறந்தவர்கள் ஏறக்குறைய 80 ஆயிரம். கன்னத்து மடிப்பில் இருக்கும் கட்டியை மருத்துவர் நேராகவே பார்க்கலாம், கையாலேயே எடுக்கலாம். எட்டாத இடத்தை எட்டிக்கொடுப்பதுதான் டா வின்சியின் திறமை என்றால், இங்கே அதற்குத் தேவை குறைவு. ஈறை ஒட்டிய கட்டி சீக்கிரமே எலும்பில் இறங்கிவிடும் என்பதுதான் இங்கே தலைவலி. கட்டியோடு தாடையில் ஒரு துண்டும் போகும்.

போன துண்டை எதைக் கொண்டு நிரப்புவது? முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஃபிபுலா என்ற ஒல்லி எலும்பு ஓடுகிறது. உடலின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் அதன் பக்கத்து எலும்புதான். ஆகவே கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் அருகே சில சென்டிமீட்டரை விட்டுவிட்டு நடுப்பகுதியை, அதன் ரத்தக் குழாயோடு சேர்த்து எடுக்கலாம். 1989இல் நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ இதைக் கொண்டு கீழ்த்தாடை அமைத்துக் காட்டினார். இன்று உலகெங்கும் அதுதான் வழக்கம். ஆனால் ஃபிபுலா நேரான எலும்பு. தாடை குதிரை லாடம் மாதிரி வளைந்தது. நேரான எலும்பை இரண்டு மூன்று துண்டாகச் சாய்த்து வெட்டி, வளைவாகக் கோக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டின் சாய்வும் சரியாக அமையாவிட்டால் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும், எலும்பு கூடாது. கூடினாலும் பல் கடி ஒத்துவராது. பற்களுக்கு நடுவே ஒரு தலைமுடி சிக்கினாலே நமக்குத் தெரிகிறதே, கடி சற்று மாறினால் எப்படி இருக்கும்? இத்தனையும் நேரத்தோடு போட்டி. காலிலிருந்து பிரித்த எலும்புக்கு ரத்தம் நின்றுபோகிறது. கழுத்துக் குழாயோடு நுண்நோக்கியின் கீழ் தைத்து மறுபடி ரத்தம் ஓடவைக்கும் வரை கடிகாரம் ஓடும்.

பெய்ஜிங், ஷாங்காய் மருத்துவமனைகளில் இந்த வெட்டுக்கு ரோபோவைப் பழக்கிவருகிறார்கள். தாடையையும் காலையும் ஸ்கேன் செய்து, கணினியில் துண்டுகளை முன்கூட்டியே கோத்துப் பார்த்து, எலும்பு இன்னும் காலில் ரத்த ஓட்டத்தோடு இருக்கும்போதே ரோபோ வெட்டுத் தளத்தைக் காட்டுகிறது. நம் நோய்க்கு ரோபோவால் ஆகக்கூடிய உண்மையான உதவி இதுதான் என்று நான் நினைக்கிறேன். பல் பொருத்தும் ரோபோ செல்வந்தருக்குச் சௌகரியம். தாடை திரும்ப வருவது என்றால் சோறு மெல்ல முடிவது, நாலு பேர் முன்னால் முகம் காட்ட முடிவது.

மணவூரில் ஒருவருக்குக் கன்னத்தில் ஆறாத புண் என்றால் அவர் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குவார். எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. நடக்கிற தூரத்தில், 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி. தெற்கே போனால் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இடையில் இருக்கும் ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாய்ச் செலவில் அரசு ஒரு ரோபோ அறுவைச் சிகிச்சை மையத்தைத் திறந்தது. அது தசை, குடல், சிறுநீரகம் போன்ற மென்மையான உறுப்புகளுக்கான வகை. குருகிராமில் உருவான மந்திரா என்ற உள்நாட்டு ரோபோவும் அந்த வகைதான். விலையைக் குறைத்திருக்கிறது, எலும்புக் கணக்கு அதன் வேலையில்லை.

தாடைக்கென்று அரசு ஏதாவது வாங்கினால் எதிலிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் கையைக் கடைசியில் வாங்கலாம். முதலில் திட்டமிடும் மென்பொருளும், வெட்டுத்தகடு அச்சடிக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரமும், அவற்றை இயக்க இரண்டு பொறியாளர்களும். ஃபிபுலாவைச் சரியான சாய்வில் வெட்ட அச்சுத்தகடே பெரும்பாலும் போதும். அடுத்து, கருவியைப் பின்தொடரும் கேமரா. அதைக் கொண்டு மருத்துவரின் கையே திரையைப் பார்த்துக் குறியோடு வெட்டும். ரோபோக் கை சேர்வதால் கிடைக்கும் லாபம் அதற்குப் பிறகு மீதமிருக்கும், மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குதான். அந்த மீதி சில நோயாளிகளுக்கு முக்கியம்தான்; எல்லோருக்கும் அல்ல.

தனியாரில் செய்துகொள்பவர்கள் இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரோபோ அறுவைச் சிகிச்சையை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் விதி கொண்டுவந்தது. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. பாலிசியின் அந்த வரியை மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே படித்து, எவ்வளவு தருவார்கள், மீதியை யார் கட்டுவது, அதே வேலையை ரோபோ இல்லாமல் செய்தால் என்ன வித்தியாசம் என்று மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிடலாம்.